பொத்தான் பூத்த கல்

தொட்டியில் வளரும் மீன்கள் பட்டினியால் சாவது குறைவு. அளவுக்கு மிஞ்சித் தீன் போட்டுத்தான் பெரும்பாலானவர்கள் அவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். மிஹ்லார் ஹாஜியார் வீட்டுத் தொட்டியை நான் பொறுப்பெடுத்தபோது முதலில் செய்த வேலை, தீனைப் பாதியாகக் குறைத்ததுதான். ஒரு மாதத்தில் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள்கூட ஒரு வீட்டுக்குள் இப்படியொரு தொட்டியைப் பார்த்ததில்லை என்றார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, சார்ஜன்ட் ஐயா. என் வேலை எனக்குத் தெரியும் என்பது முதலில் பதிவாக வேண்டும். இனி நான் சொல்லப்போகும் எதையும் அறியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பேசிவிடக்கூடாது.

என் பெயர் ரிஃப்கா. வயது முப்பத்தேழு. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஆட்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் வந்தவள். பாலாவிக்குப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, எத்தாளை ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். என் கணவர் மஸாஹிர் சுழியோடி. கடலுக்கடியில் முருகைக்கல் என்ற பவளப் பாறைகளுக்குள் ஓடித்திரியும் வண்ண மீன்களைச் சின்ன வலையால் உயிரோடு பிடிப்பது அவருடைய தொழில். அந்த மீன்களைக் காற்றடைத்த பைகளில் கட்டி, றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் அடுக்கி, விமானத்துக்கு அனுப்புவது என் தொழில். இருவரும் ஹாஜியாரின் மீன் வாடியில், கரையோரக் கொட்டகையில்தான் வேலை செய்தோம். மஸாஹிர் பிடித்துக் கொண்டுவந்த மீனை நான் கட்டி அனுப்புவேன். எங்கள் வாழ்க்கை அப்படித்தான் போனது, குறையொன்றும் இருக்கவில்லை.

ஹாஜியார் கெட்டவர் என்று ஊரில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ரமழானில் பள்ளிக்குக் கஞ்சி கொடுப்பார். வாடியில் யாருக்காவது கல்யாணம் என்றால் ஆடு அனுப்புவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தத் தொட்டி. வீட்டு மண்டபத்தில், வாசலில் நின்றாலே தெரியும்படி, எட்டு அடி நீளத்தில் கட்டியிருந்தார். உள்ளே முருகைக்கற்கள், கடற்பூக்கள், மீன்கள். நடுவில் வளைவு வைத்த கதவுபோல ஓட்டை விழுந்த ஒரு கல். அந்தக் கல்லின் மேலெல்லாம் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாகப் பூ மலர்ந்திருக்கும். பூ என்று சொன்னாலும் அது செடியில்லை, உயிர். வாடியில் நாங்கள் அதைப் பொத்தான் பூ என்போம்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பெப்ரவரி மாதம், கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். மஸாஹிர் காலையில் இரண்டு சிலிண்டர் முடித்து மேலே வந்திருந்தார். அதற்குமேல் அன்றைக்கு இறங்கக்கூடாது. இறங்கினால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும் என்பது சுழியோடிகள் எல்லோருக்கும் தெரியும். ஹாஜியார் படகுக்கு ஃபோன் எடுத்து, நீலக் கோடு போட்ட ஏஞ்சல் மீன் சோடியொன்று இன்றைக்கே வேண்டும் என்றார். விற்பதற்கு இல்லை, வீட்டுத் தொட்டிக்கு. மஸாஹிர் மூன்றாவது சிலிண்டரோடு இறங்கினார். மீனைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

படகு வந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். இரண்டு பேர் அவரைத் தூக்கிவந்து வாடி வாசலில் கிடத்தினார்கள். வாசலில் வேன் நின்றது. அன்றைய பெட்டிகளை ஏற்றி முடித்து, கதவைச் சாத்தப் போன நேரம்.

"ரிஃப்கா, இடுப்புக்குக் கீழ ஒண்டும் வெளங்குதில்ல," என்றார் மஸாஹிர். அவர் குரலில் பயத்தைவிட வெட்கம்தான் கூடுதலாக இருந்தது.

நான் ஹாஜியாரிடம் ஓடினேன். "ஹாஜியார், வேனக் குடுங்க. இவரக் கொழும்புப் பக்கம் கொண்டு போகோணும். குமிழ் கரையிறதுக்குச் சுழியோடிகள வெக்கிற காத்தறைல வெச்சாத்தான் சரிவரும்."

"பதறாத புள்ள. இது வாய்வு. எண்ண தேச்சு ஒத்தணம் குடு. வேன் எயார்போட் போய்த் திரும்பின ஒடன நானே அனுப்புறன். அறுவது பெட்டி ஏத்தியாச்சு. பிளேன் தப்பினா அவ்வளவும் மௌத்து."

எங்கள் பேச்சில் மனிதர் இறந்தால்தான் மௌத்து என்போம். மீன் செத்துப்போகும், அவ்வளவுதான். அவர் மீனுக்கு அந்தச் சொல்லைச் சொன்னதை நான் கவனித்தேன். வேன் போனது. அப்போது ஹாஜியார் இன்னும் கார் வாங்கியிருக்கவில்லை. நான் வேறு வாகனம் தேடி அலைந்து ஒரு லொறியைப் பிடித்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். காத்தறை இருந்த இடத்துக்குப் போய்ச்சேர விடிந்துவிட்டது. நேரம் பிந்திவிட்டது என்று டாக்டர்மார் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

மஸாஹிர் அதற்குப்பிறகு பதினான்கு மாதம் இருந்தார். படுக்கைப் புண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைசி மாதங்களில் முதுகெலும்பு தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே கிடந்தார்.

அந்தப் பதினான்கு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒருவர்தான். ஹாஜியாரின் மனைவி ஜெமீலா ராத்தா. அவருக்கு இழுப்பு வருத்தம் இருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கையின் மணல் பாதையில் நடந்துவந்தால் மூச்சு வாங்கும். மருந்துக் குழலை வாயில் வைத்து இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, கையைக் கழுவி, புண்ணைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். நான் தடுத்தால் கேட்கமாட்டார். "நீ போய்க் கொஞ்சம் படு புள்ள. ஒன்ட மொகம் வெளுத்துக் கெடக்குது," என்பார். அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் அந்த வாரத்தில் தூங்குவது.

ஒருநாள் அவராகவே சொன்னார். "அவர்ட கல்புல எரக்கம் கொறவுதான். நானும் சொல்லிச் சொல்லிப் பாக்குறன். அல்லாஹ் அவரத் திருத்தோணும்."

மஸாஹிர் மௌத்தானபோது தலைமாட்டில் யாசீன் ஓதியதும் அவர்தான். ஜெமீலா ராத்தாமேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் ஹாஜியார் ஆளனுப்பி, வாடி வேலையோடு வீட்டுத் தொட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாவப்பட்ட பெண்ணுக்குச் செய்யும் உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். தினமும் காலையில் போவேன். கண்ணாடியைத் துடைப்பேன், உப்பை அளப்பேன், தீன் போடுவேன். மஸாஹிர் கடைசியாகப் பிடித்த ஏஞ்சல் சோடி அந்தத் தொட்டியில்தான் நீந்திக்கொண்டிருந்தது. என்னைக் கண்டால் இரண்டும் கண்ணாடியோரம் வரும். இரண்டு வருடம் அவற்றுக்கு என் கையால் தீன் போட்டேன்.

ஒருநாள் வாடியில் ஒரு கல்லைக் கழுவும்போது அதன் துளைக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு புழு தலைநீட்டியது. சுழியோடிகள் அதைக் கல்லுப் பூரான் என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல உடம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும். தலையில் ஐந்து கொம்பு, வாயில் கத்தரிக்கோல்போல இரண்டு தாடை. உடம்பைக் கல்லுக்குள் மறைத்துக்கொண்டு காத்திருக்கும். மீன் பக்கத்தில் வந்தால் ஒரே இழுவை. வெட்டினால் துண்டும் வளரும் என்பார்கள். அதைக் கண்ட இடத்தில் கொல்லவேண்டும் என்பது வாடிச் சட்டம். நான் அதை ஒரு போத்தலில் போட்டு, மறுநாள் காலையில் ஹாஜியார் வீட்டுத் தொட்டிக்குள் விட்டேன். நடுக் கல்லின் அடியில் மெதுவாக நுழைந்துகொண்டது.

ஐந்து மாதத்தில் அது கை நீளத்துக்கு வளர்ந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் சின்னவை, பிறகு பெரியவை. ஏஞ்சல் சோடியும் போனது. எனக்கு வருத்தமில்லை. அவற்றைப் பிடிக்கத்தானே அவர் மூன்றாவது தரம் இறங்கினார். ஹாஜியார் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கையூன்றி, இருப்பதை எண்ணிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் நின்று, "ஏதோ நோய் போல இருக்கு ஹாஜியார்," என்பேன்.

ஒருநாள் அவர் கண்ணாலேயே கண்டார். மண்டப ஜன்னல்களை மூடி, தொட்டி விளக்கை அணைத்து, சிவப்பு டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு இருட்டில் உட்கார்ந்து பார்த்தவர், புழு வெளியே வந்து ஒரு மீனை நடுவால் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைக் கண்டு கத்திவிட்டார். பிறகு அதைப் பிடிக்க அவர் செய்யாத வித்தை இல்லை. குழாய்க்குள் இறால் துண்டு வைத்தார். தூண்டில் போட்டார். கம்பியால் குத்தினார். நான் எல்லாவற்றுக்கும் உதவி செய்தேன். புழு இரையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒரு மீன் போனால் அவர் அன்றைக்கு மட்டும்தான் கவலைப்படுவார். மறுநாள் வாடிக்கு வந்து வேறொன்றைப் பொறுக்கிக்கொண்டு போவார். மீனால் அவருக்கு நோகாது என்று எனக்கு விளங்கியது. அவருக்கு எதனால் நோகும் என்றுதான் தெரியாமல் இருந்தது.

அது ஜூன் மாதத்தில் தெரிந்தது. ஜெமீலா ராத்தா வாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், காற்றில் பறந்த மணல் நெஞ்சுக்குள் போய், இழுப்பு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மருந்துக் குழல் வீட்டில் இருந்தது. உதடு நீலமாகிவிட்டது. ஹாஜியாரின் கார் பழுதுபார்க்கப் போயிருந்தது. வாசலில் வேன், பெட்டிகளோடு, புறப்பட ஆயத்தமாக நின்றது.

"எறக்குங்கடா!" என்று கத்தினார். "எல்லாத்தையும் எறக்குங்க! கெதியா!"

இறக்கச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. தானே ஏறி, பெட்டிகளை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எறிந்தார். பெட்டிகள் உடைந்தன. பைகள் வெடித்தன. மீன்கள் மணலில் துடித்தன. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செருப்புகூடப் போடாமல் மனைவியைத் தூக்கி உள்ளே வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். வேன் காலியாக எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஜெமீலா ராத்தா அன்று பின்னேரமே நன்றாகித் திரும்பிவிட்டார்.

நான் மணலில் கிடந்த மீன்களைப் பொறுக்கி வாளியில் போட்டேன். இவ்வளவு காலமும், அந்த மனிதருக்கு மீனைவிட மனித உயிர் பெரிதென்று தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரியாதவனை மன்னிக்க இடமிருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஹாஜியார் மக்காவுக்கு உம்ரா போயிருந்த சமயம், வாடியில் மூத்தவரான சாஹுல் ஹமீது பொத்தான் பூப் பிடித்த கற்களைச் சுத்தமாக்க அவற்றின்மேல் கொதிநீர் ஊற்றினார். ஆவி முகத்தில் அடித்தது. அன்று பின்னேரமே குளிர்க் காய்ச்சல், நெஞ்சடைப்பு. மூன்று நாள் மூச்சுக்குப் போராடினார். தப்பியது பெரிய விஷயம். வாடியின் கொட்டில் திறந்த வெளி, நல்ல காற்று. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவர் என்னிடம் கெஞ்சியதால் நாங்கள் இருவரும் வெளியே சொல்லவில்லை. நான் ஃபோனில் தேடிப் பார்த்தேன். அந்தப் பூவுக்குள் நஞ்சு இருக்கிறது, சூடு பட்டால் ஆவியோடு ஏறும் என்று வெளிநாடுகளில் தொட்டி வளர்ப்பவர்கள் எழுதியிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய எச்சரிக்கைகள். கவனமாக வாசித்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கச்சான் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் காலையில் போனபோது ஹாஜியாரும் ராத்தாவும் தொட்டியடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். புழு நடுக் கல்லுக்குள்தான் இருக்கிறது, கல்லோடு எடுத்தால் பிடிக்கலாம் என்றேன்.

"கல்லத் தூக்கிக் கடல்ல போட்டா என்ன?" என்று கேட்டார் ராத்தா.

"விசர்க் கத கதைக்காத," என்றார் ஹாஜியார். "இப்ப முருகைக்கல் எடுக்கத் தட. இப்படி ஒரு கல்லு இனி எங்க கெடைக்கும்?"

"கல்லு இருக்கட்டும் ஹாஜியார்," என்றேன். "அவிச்சு எடுத்தா புழு மட்டும் சாகும். பூவுஞ் சாகும்தான், ஆனா மத்தக் கல்லுல இருந்து திரும்பப் படரும்."

அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "அவிங்க. நல்லா அவிங்க. அந்த ஹராங்குட்டி துடிக்கோணும்," என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "ஜெமீலா, அந்தப் பெரிய கிடாரத்த எடுத்துக் குடு. புள்ள செல்றபடி செஞ்சு வை. நான் வாடிக்குப் போறன்," என்றுவிட்டு எழுந்தார்.

இதைக் கேட்டால் ஊரில் எவரும், ஹாஜியாருக்கு வைத்த பொறியில் தவறுதலாக ராத்தா விழுந்தார் என்றுதான் எண்ணுவார்கள். நீங்களும் சற்றுமுன் அப்படித்தான் கேட்டீர்கள். ஐயா, அந்த வீட்டுக்கு நான் மூன்று வருடம் போய்வந்திருக்கிறேன். ஹாஜியார் அடுப்படிக்கு, குசினிக்குள் கால் வைத்ததை ஒருநாள்கூடக் கண்டதில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் இருந்த இடத்திலிருந்துதான் கேட்பார். கிடாரத்தைக் கிளறுவது யார் என்று எனக்கு முதலே தெரியும்.

கையுறை போட்டுக் கல்லை எடுத்து, கிடாரத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி, காஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். காற்றில் நெருப்பு இரண்டு தரம் அணைந்தது. ராத்தா ஜன்னலைச் சாத்தப் போனார். நான் முந்திக்கொண்டு இரண்டு ஜன்னலையும் பின்கதவையும் சாத்தினேன். பெரிய விஷயமில்லை, ஆனால் சாத்தியது நான் என்று இருக்கட்டும்.

"தொட்டிக்குப் புதுத் தண்ணி கொண்டாரன் ராத்தா," என்றேன். "கொதிச்சதும் மூடியத் தொறந்து பாருங்க. புழு வெளிய வந்திருக்கும். வராட்டி இன்னும் கொஞ்சம் அவியவிட்டுத் திரும்பப் பாருங்க."

"எப்புடிப் புள்ள இருக்கும்? எனக்குப் பாக்கவே அருவருப்பு," என்று சிரித்தார்.

"கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்றேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லவேண்டும். கல்லுப் பூரானைக் கொல்ல அவிக்கத் தேவையில்லை. கடல் புழுவுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. கல்லை ஒரு வாளி கிணற்றுத் தண்ணீருக்குள் வைத்தால் கால் மணித்தியாலத்துக்குள் தானாக வெளியே வந்துவிடும். எனக்கு அது எப்போதோ தெரியும். அந்தச் செவ்வாய்க்குப் பத்து நாளுக்கு முன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நான் அப்படியே செய்து, புழுவை எடுத்துக் கொன்று, கோழிக்குப் போட்டுவிட்டேன். புழு தப்பி ஓடி வேறு கல்லுக்குள் போனால் என் கணக்குப் பிசகிவிடும். கிடாரத்துக்குள் வைத்தபோது அந்தக் கல்லில் புழு இருக்கவில்லை. இல்லாத புழுவைத் தேடித்தான் ராத்தா மூடியைத் திறந்து திறந்து, குனிந்து குனிந்து பார்த்திருப்பார்.

நான் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பினேன். ராத்தா மண்டபத்துக் கதிரையில் சாய்ந்து கிடந்தார். மருந்துக் குழல் கையில் இருந்தது.

"வாயெல்லாம் இரும்புக் கறள் மாதிரிக் கெடக்குது புள்ள," என்றார். "மருந்தும் கேக்குதில்ல."

அவரைப் பிடித்துக்கொண்டேன். ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தேன். காரில் பின்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிவரை அவர் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டு போனேன். மூன்று நாள்தான் உயிரோடு இருந்தார். மூன்று நாளும் பக்கத்தில் நின்று துடைத்துவிட்டது நான்தான். பெற்ற பிள்ளைகள் இல்லாத மனுஷி. இரண்டாம் நாள் மூச்சுக்கருவியை விலக்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புழு செத்திச்சா?"

"ஓம் ராத்தா. செத்திட்டு."

பழைய இழுப்பு, அதோடு ஏதோ புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். புழுவை அவித்ததை நான் மறைக்கவில்லை. நாறும் புழு, ஆவி நெஞ்சைக் கட்டியிருக்கும் என்று ஊர் பேசியது. கல்லை மறுநாளே நான் பாலத்தடியிலிருந்து கடலில் போட்டுவிட்டேன். மையத்து வீட்டில் நான் அழுதேன். அது நடிப்பில்லை. ஒரு கூடப்பிறந்தவளுக்கு அழுவதுபோலத்தான் அழுதேன். சாஹுல் ஹமீது மட்டும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹாஜியார் உடைந்துபோனார். நான் விரும்பியது நடந்தது. சாப்பிடவில்லை, தாடி வளர்ந்தது, தொட்டியில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை வெறுமையாகப் போட்டார். காலையில் நான் போய் மண்டபத்தைக் கூட்டும்போது, மஸாஹிர் பார்த்ததுபோல அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது நாள் அப்படி இருந்தார். அந்த நாற்பது நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

பிறகு அவர் மாறத் தொடங்கினார். முதலில் ஐந்து நேரமும் பள்ளிக்குப் போனார். அடுத்து, வாடியில் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்குமேல் எவரும் இறங்கக்கூடாது என்றார். கடலுக்குப் போகும் நாளெல்லாம் ஒரு வாகனம் டிரைவரோடு கரையில் சும்மா நிற்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தார். சென்ற மாதம் ஒரு சுழியோடி தோள்நோவோடு ஏறியபோது, அந்த வாகனம் அவனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது நடக்கிறான். அவன் மனைவி வந்து ஹாஜியாருக்குத் துஆச் செய்துவிட்டுப் போனாள். நான் பை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம், அஸர்த் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"புள்ள, மஸாஹிர்ட விசயத்துல நான் செஞ்சது பெரிய பாவம். ஜெமீலா எத்தினயோ தரம் சொன்னா. எனக்கு ஏறல்ல. அவவ எடுத்துத்தான் அல்லாஹ் எனக்கு வெளங்கப்படுத்தினான். அவன்ட தீர்ப்ப நான் பொருந்திக்கொண்டன். நீ எனக்கு மாப்புத் தரோணும்."

"தந்துட்டன் ஹாஜியார்," என்றேன். வேறு என்ன சொல்வது?

நின்ற நிலையில் குழந்தைபோல அழுதார். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்குத்தான் எனக்கு நித்திர வரும்," என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, ஐயா. நோன்பு திறந்த மனிதனின் முகம்போல. படலையைத் தானே சாத்திவிட்டு, மெல்ல நடந்து போனார்.

ஒன்பது மாதமாக ஒருவருக்கும் சந்தேகமில்லாத விஷயத்தை ஏன் இன்று வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். ஜெமீலா ராத்தா எப்படி மௌத்தானார் என்ற உண்மை மறைந்து கிடக்கக்கூடாது. அவருக்கு நான் செய்ய மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அல்லாஹ் செய்தான் என்று ஒருவர் நிம்மதியாக இருப்பதும் சரியில்லை. அல்லாஹ் செய்யவில்லை, நான் செய்தேன். ஹாஜியாருக்காகத்தான் செய்தேன். பழிவாங்கும் எண்ணமெல்லாம் எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அதையும் நான் சொன்ன சொல்லாலேயே எழுதுங்கள்.

கொண்டுவாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். வழக்குப் பேச ஆள் வேண்டாம். எந்தத் தண்டனை தந்தாலும் சரி. ஒரேயொரு உதவி மட்டும் செய்யுங்கள். இந்த வாக்குமூலத்தை ஹாஜியாருக்கு ஃபோனில் சொல்லவேண்டாம், வேறு ஆளிடம் கொடுத்தனுப்பவும் வேண்டாம். நீங்களே நேரில் போய், நல்ல வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, ஒரு சொல் விடாமல் வாசியுங்கள். ராத்தா குனிந்து குனிந்து பார்த்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். முடிந்ததும் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.